பாதியை எண்ணு

தங்கை பன்னிரண்டு வில்லைகளை எண்ணி மேஜையின் நடுவே தள்ளினாள். தள்ளும்போது என்னைப் பார்க்கவில்லை. தள்ளி முடித்த பிறகு பார்த்தாள்.

“உன்கிட்ட இருக்கிறது பன்னெண்டுதானே அக்கா? அதே பன்னெண்டு.”

பக்கத்தில், ரேடியோ என்று நாங்கள் கூப்பிடுகிறவள் வாயைத் திறந்து மூடினாள். கப்பல் என்று பெயர் வாங்கியவர் சீட்டுக்கட்டைக் கீழே வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய மெஷின் தண்ணீரை வடிக்கத் தொடங்கியிருந்தது. வடித்து, சுழற்றி, மணி அடிக்க இன்னும் பதினொரு நிமிடம். அந்த மணியோடு எங்கள் மதிய இடைவேளை முடியும்.

என் முன்னால் இரண்டு அடுக்காகப் பன்னிரண்டு வில்லைகள். ஆறு, ஆறு. நான் அவற்றைத் தொடவில்லை. பயத்தில் தயங்குகிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். பயம் இல்லை. அவளை அறைய வேண்டும் போலிருந்தது.

பித்தளை வில்லைகள். ஒரு காலத்தில் வார்டுகளிலிருந்து வரும் அழுக்குத் துணி மூட்டைகளின் கழுத்தில் கட்டியிருந்தவை. பிறகு ஒட்டுகிற சீட்டு வந்தது. வில்லைகள் தகர டப்பாவில் கிடந்தன. ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பகல் ஷிஃப்டுக்கு நாங்கள் நாலு பேர். ஆளுக்கு வருஷத்தில் பன்னிரண்டு நாள் சம்பளத்தோடு லீவு. வருஷம் பிறந்ததும் டப்பாவைத் திறந்து ஆளுக்குப் பன்னிரண்டு வில்லை எடுத்துக்கொள்வோம். ஒரு வில்லை, ஒரு நாள். லீவு வேண்டுபவர் சூப்பர்வைசர் மேஜையில் வில்லையை வைத்தால் போதும். யாருடைய வில்லை என்று அவர் கேட்டதில்லை. வருஷக் கடைசியில் மொத்தம் நாற்பத்தெட்டைத் தாண்டாவிட்டால் அவருக்குச் சரி. காசு வைத்து ஆடினால் வேலை போய்விடும். நாங்கள் காசு வைத்து ஆடவில்லை. எங்களிடம் காசும் இல்லை. நாளை வைத்து ஆடினோம்.

விளையாட்டைக் கொண்டுவந்தவர் கப்பல். பதினெட்டு வருஷம் கப்பலில் சலவை அறையில் இருந்தவர். கடலைப் பார்த்ததே குறைவு, பார்த்ததெல்லாம் உள்பனியன்தான் என்பார். அங்கே கற்றுக்கொண்ட போக்கரை இங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. இந்த ஏழில் யாருக்கு நல்ல ஐந்து அமைகிறதோ அவருக்குக் குவியல். இரண்டு பேருக்குச் சமமாக அமைந்தால் ஆளுக்குப் பாதி.

ரேடியோவுக்கு ஏன் அந்தப் பெயர் என்று இங்கே வந்து யாரும் கேட்டதில்லை. வாசலிலேயே கேட்கும். மூன்றாவது வாரம், ஆரம்பத்தில் ஆளுக்கு ஒரு வில்லை வைக்கும் வழக்கம் வருவதற்கு முன், ஒரு ஆட்டத்தில் நானும் தங்கையும் வைத்துவிட்டு விலகிய இரண்டே வில்லைதான் நடுவில் இருந்தது. கப்பல் பத்து வைத்தார். ரேடியோ பதிலுக்குப் பத்து வைத்தாள். சீட்டைத் திறந்தால் இருவருக்கும் சமம். இருபத்திரண்டில் பாதி, பதினொன்று. ரேடியோ நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தாள்.

“எத்தனை வச்சே?” என்று கேட்டார் கப்பல்.

“பத்து.”

“எத்தனை வந்துச்சு?”

“பதினொண்ணு!”

“அப்ப ஒரு நாளைக்காகப் பத்து நாளை அடகு வச்சிருக்கே.”

“ஒரு நாளும் லாபம்தானே அண்ணே. உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?”

“எனக்கும்தான் ஒரு நாள் வந்திருக்கு, எனக்கென்ன எரிச்சல்? இதே மாதிரி பதினோரு தடவை ஆடு. அதுல ஒரே ஒரு தடவை தோத்தாக்கூட, மத்த பத்துல வந்ததெல்லாம் போச்சு. குவியலைப் பார்த்து வாயப் பொளக்காத. பங்கு போடற ஆட்டத்துல குவியல் பொய். பாதியை எண்ணு. அதுல நீ வச்சதைக் கழி. மிச்சம்தான் உன்னுது.”

ரேடியோவுக்குப் புரியவில்லை. அன்று மாலைவரை எல்லா வார்டு ஆயாக்களிடமும் பதினொன்று ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு உடனே புரிந்தது. ஒரு பாய், ஒரு குடை, ஒரு சோப்பு என்று பங்கு போட்டே வளர்ந்தவர்கள் நானும் என் தங்கையும். சோப்பை நூல் வைத்து அறுத்துத் தருவார் அப்பா. பெரிய பாதி எது என்று இருவரும் சோப்பையே பார்த்துக்கொண்டிருப்போம்.

அம்மா என்னோடு இருக்கிறாள். போன மாதம் குளியலறையில் விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்து, அதிலிருந்து வார்டில் கிடக்கிறாள். இன்னும் இரண்டு வாரத்தில் ஆபரேஷன். முடிந்து வீட்டுக்கு வந்தபின் மூன்று வாரம் பகலில் கூட ஆள் இருந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தூக்கி உட்கார வைக்க, படுக்க வைக்க, மற்றதற்கெல்லாம். வாரத்துக்கு ஆறு ஷிஃப்ட். மூன்று வாரம், பதினெட்டு. என் வீட்டுக்காரர் லாரியோடு போனால் மாதம் ஒருமுறை வருவார். பிள்ளை வெளியூர் ஹாஸ்டலில். கூலிக்கு ஆள் வைப்பதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. என்னிடம் பன்னிரண்டு நாள் இருந்தது. இந்த ஆறு வாரத்தில் பார்த்துப் பார்த்து ஆடிப் பதினாறாக்கி வைத்திருந்தேன். ஆறே வாரத்தில் நாலு நாள். அவ்வளவு கவனமாக நான் வாழ்க்கையில் எதையும் செய்ததில்லை.

தங்கையிடம் கேட்டது இன்று காலையில். பெரிய விரிப்புகளை நானும் அவளும்தான் மடிப்போம். இரண்டு முனை அவளிடம், இரண்டு முனை என்னிடம். உதறி, நீளவாக்கில் மடித்து, இழுத்துப் பிடிப்போம். பிறகு ஒருத்தி நிற்க, ஒருத்தி நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டுவிட்டால் அந்த விரிப்பு திரும்பவும் மெஷினுக்கு. அது ஆஸ்பத்திரி விதி.

“ஆளுக்கு ஒன்பது நாள்” என்றேன். “நீ ஒன்பது, நான் ஒன்பது. அவ உனக்கும் அம்மாதான்.”

அவள் தன் முனைகளோடு நடந்து வந்தாள். என் விரல்கள்மேல் அவள் விரல்கள் பட்டன. முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

“முடியாது” என்றாள். திரும்பி நடந்தாள். அடுத்த விரிப்பை எடுத்தோம். உதறினோம். திரும்ப வந்தாள்.

“அப்பாவை நாலு வருஷம் பாத்தேன். தனியா. உன் பாதி ரெண்டு வருஷம். அதைக் கொடு, நான் ஒன்பது நாளைத் தரேன்.”

அப்பா படுத்த வருஷம் நான் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போயிருந்தேன். பணம் அனுப்பினேன், முடிந்தபோது. வந்தேன், இரண்டு முறை. மூன்றாம் முறை வந்தபோது அப்பாவை வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். இதெல்லாம் உண்மை. உண்மையை ஒரு சாண் தூரத்தில் வைத்துச் சொன்னதுதான் பொறுக்கவில்லை.

“அதையே எத்தனை வருஷம்டி சொல்லிட்டிருப்ப?”

“நாலு வருஷம். அதுக்கப்புறம் நிறுத்திடறேன்.”

அவள் நாட்களை எதற்குச் சேர்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற பயிற்சி. நாலு வாரம், இருபத்திநாலு ஷிஃப்ட். நடுவில் ஒருநாள் தவறினாலும் சான்றிதழ் கிடையாது. வயது வரம்பு அவளுக்கு இந்த வருஷத்தோடு முடிகிறது. விண்ணப்பம் அவள் லாக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தது. இருபத்தைந்து வயதில் போக வேண்டியது. அப்போதுதான் அப்பா படுத்தார். அவளிடம் பதினெட்டு வில்லை இருந்தது. எல்லோரையும்விட அதிகம். அதில் ஒன்றைக்கூட எனக்குத் தர மாட்டேன் என்றவள், மதியம் வந்து என் எதிரே உட்கார்ந்து, “பெரிசு, சீட்டைப் போடச் சொல்லு” என்றாள். இந்த இடத்தில் எங்களைப் பெரிசு, சின்னது என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் அவளும் என்னை அப்படிக் கூப்பிடுவாள்.

ஆட்டம் இப்படிப் போனது. ஆரம்பத்தில் ஆளுக்கு ஒரு வில்லை வைத்தோம். நடுவில் முதல் மூன்று சீட்டு விழுந்தது. ராஜா, ஜாக்கி, ஒன்பது. ஆளுக்கு இன்னொரு வில்லை. எட்டு ஆயிற்று. என் கையில் ஒரு ராஜாவும் ஒரு ஒன்பதும். இரண்டு ஜோடி. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டேன். நாலாவது சீட்டு பத்து. தங்கை யோசிக்காமல் இரண்டு வைத்தாள். ரேடியோ கையைப் பார்த்து, வில்லையைப் பார்த்து, மறுபடி கையைப் பார்த்து, சீட்டைக் கவிழ்த்து விலகினாள். கப்பலும் கவிழ்த்தார். நான் இரண்டு வைத்தேன். பன்னிரண்டு.

கடைசிச் சீட்டு ராணி.

ஒன்பது, பத்து, ஜாக்கி, ராணி, ராஜா. ஐந்தும் வரிசை. மேஜையிலேயே, எல்லோருக்கும் பொதுவாக. வரிசைக்கு முன்னால் என் இரண்டு ஜோடி செத்தது. இனி கையில் ஏஸ் வைத்திருப்பவர் மட்டும்தான் இந்த வரிசையை ஒரு படி மேலே கொண்டுபோக முடியும். இல்லாவிட்டால் இருவருக்கும் ஒரே வரிசை. பாதி பாதி. என் கையில் ஏஸ் இல்லை.

தங்கையின் உதடு ஒரு கணம் இறுகியதைப் பார்த்தேன். நாலாவது சீட்டுக்கே இரண்டு வைத்தாளே, அவள் கையில் ராணி இருந்திருக்கிறது. அப்போதே அவளுக்கு வரிசை அமைந்துவிட்டது. அவளுக்கு மட்டும். ஜெயித்த ஆட்டம். அடுத்த சீட்டு இன்னொரு ராணியாக வந்து, அவள் கையில் மட்டும் இருந்ததை எல்லோருக்கும் போட்டுவிட்டது. அப்புறம்தான் அவள் பன்னிரண்டைத் தள்ளினாள்.

கவிழ்த்தால் என் பன்னிரண்டு மிஞ்சும். நடுவில் இருப்பது அவளுக்கு. பன்னிரண்டு நாள், இரண்டு வாரம். மூன்றாவது வாரம் அம்மா கட்டிலில் தனியாக. ஒரு வாளியும் ஒரு சொம்பும் எட்டுகிற தூரத்தில்.

வைத்தால் குவியல் முப்பத்தாறு. குவியல் பொய். பாதி பதினெட்டு. அதில் நான் வைக்கப்போவது பன்னிரண்டு. மிச்சம் ஆறு. அவளிடம் ஏஸ் இருந்தால் பன்னிரண்டும் போகும். ஆறு கிடைக்கப் பன்னிரண்டு. மூன்று தடவையில் இரண்டு தடவை அவளிடம் ஏஸ் இல்லையென்றால் கையைக் கடிக்காது. அதற்கும் மேலே என்றால் லாபம்.

ஆனால் எனக்கு மூன்று தடவை கிடையாது. அம்மாவுக்கு ஒரு இடுப்புதான்.

“என்ன பெரிசு, தூங்கிட்டியா?” என்றாள் தங்கை.

“எண்ணிட்டிருக்கேன்.”

“எண்ணு எண்ணு. நீ எண்ணி முடிக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். அப்பாவுக்கும் அப்படித்தான் எண்ணிட்டிருந்தே. பஸ்ஸுக்கு எவ்வளவு, பிள்ளைக்குப் பரீட்சை எப்ப.”

“சீட்டைப் பத்திப் பேசு சின்னதே” என்றார் கப்பல் மெதுவாக. “மேஜையில வேற எதையும் கொண்டுவராதே.”

“நான் கொண்டுவரலண்ணே. அவதான் காலையில கொண்டுவந்தா. ஒன்பது ஒன்பதுன்னு.”

மெஷின் சுழலத் தொடங்கியது. மேஜை அதிர்ந்தது. வில்லைகள் ஒன்றோடொன்று உரசி மெல்லச் சத்தமிட்டன.

நாலு ஏஸ். ரேடியோவுக்கு ஏஸ் வந்தால் பேச்சு நின்றுவிடும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவள் ஒருத்தியைத் தவிர. இந்த ஆட்டத்தில் சீட்டு கைக்கு வந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி ராணி விழுந்தபோது தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டாள். ஏஸைக் கவிழ்த்துவிட்டாள். சந்தேகமில்லை. மிச்சம் மூன்று. நான் பார்க்காத நாற்பதுக்கு மேற்பட்ட சீட்டுகளில் எங்கேயோ மூன்று. தங்கையின் ஒரு சீட்டு ராணி. இன்னொன்று ஏஸாக இருக்கப் பத்தில் ஒன்றுகூட வாய்ப்பில்லை.

சீட்டை மட்டும் பார்த்தால் அப்படி. ஆளைப் பார்த்தால் வேறு. இந்த ஆறு வாரத்தில் அவள் இல்லாததை இருப்பதாகக் காட்டி ஒரு வில்லைகூட வைத்ததில்லை. இருந்தால் வைப்பாள். இல்லாவிட்டால் கவிழ்ப்பாள். அப்படிப்பட்டவள் பன்னிரண்டு வைத்திருக்கிறாள் என்றால் பத்தில் ஒன்று, இரண்டில் ஒன்றாகிவிடுகிறது. பாதி என்றால் எனக்கு நஷ்டம். மூன்றில் ஒன்றுக்கும் பாதிக்கும் நடுவே எங்கேயோ நின்றுகொண்டிருந்தேன். அங்கிருந்து அவள் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் சோப்பைப் பார்த்தது போலப் பார்த்தேன்.

அவள் சிரித்தாள்.

“கவுத்துட்டுப் போயேன் அக்கா. பன்னெண்டு மிஞ்சுதில்ல? பன்னெண்டு நாள் பாரு. உன் கணக்குக்கு அதுவே ரொம்பப் பெரிசு. போ. உனக்கு இது பழக்கம்தானே.”

காது சூடாகியது. அறை முழுக்கச் சுடு துணியின் வாசனை. எழுந்து மேஜையைத் தள்ளிவிட வேண்டும் என்று நினைத்தேன். வில்லைகள் சிதறும். குனிந்து பொறுக்கட்டும். அந்த எண்ணம் வந்து போக எடுத்துக்கொண்ட நேரத்தில் இன்னொன்று புலப்பட்டது. ஏஸ் வைத்திருப்பவள் என்னைப் போகச் சொல்லமாட்டாள். என் பன்னிரண்டு அவளுக்கு வேண்டும். இருக்கும்படி சீண்டுவாள். ஒருவேளை சீண்டத்தான் போகச் சொல்கிறாளோ? அப்படியும் இருக்கலாம். கப்பல் சொல்லிக்கொடுத்த தந்திரம் அது. ஆனால் அந்தக் குரலை எனக்குத் தெரியும். அது சீட்டாட்டக் குரல் இல்லை. அப்பாவை எடுத்த அன்று நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்ட குரல். அன்றும் இதையேதான் சொன்னாள். போ.

அவள் என் சீட்டைப் பார்த்துக் கட்டவில்லை. தன் சீட்டைப் பார்த்தும் கட்டவில்லை. நான் போய்விடுவேன் என்பதில் கட்டியிருக்கிறாள். பத்துக்குப் பத்தும் நிச்சயம் என்று நினைத்துக் கட்டியிருக்கிறாள்.

அதைவிட என்னை யாரும் கேவலப்படுத்தியதில்லை. அதைவிடச் சரியாகவும் யாரும் எண்ணியதில்லை.

இரண்டு அடுக்கையும் இரண்டு கையாலும் தள்ளினேன். ஒரு வில்லை உருண்டு போய் ரேடியோவின் டிஃபன் பாக்ஸில் முட்டி நின்றது.

“வச்சாச்சு. தெற.”

அவள் உடனே திறக்கவில்லை. என்னையே பார்த்தாள். நான் உட்கார்ந்திருப்பதை அவள் கண் நம்பவில்லை. பிறகு ஒரு சீட்டைத் திருப்பினாள். ராணி. இன்னொன்றின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். நகத்தடியில் சோப்புத் தூள் வெள்ளையாக இருந்தது.

“தெறடி.”

ஏழு.

ரேடியோவுக்கு உயிர் வந்தது. “அய்யோ, நான் ஏஸு வச்சிருந்தேன்! டைமன் ஏஸு! இருந்திருந்தா அத்தனையும் எனக்கு! யாருக்காவது தெரியுமா, நான் ஏஸு வச்சிருந்தேன்!”

“மேல் மாடி வார்டு வரைக்கும் தெரியும்” என்றார் கப்பல். “வாயை மூடினியே, அப்பவே தெரியும்.”

யாரும் சிரிக்கவில்லை. ரேடியோ மட்டும், “அப்படியா?” என்று கேட்டாள்.

எங்கள் மேஜையில் குவியலைப் பிரிப்பது சீட்டுப் போட்டவரின் வேலை. மொத்தமாக எண்ணிப் பிரிக்கமாட்டார்கள். ஒன்று இங்கே, ஒன்று அங்கே. கப்பல் அப்படித்தான் வைத்தார். “இந்தா பெரிசு. இந்தா சின்னது. இந்தா. இந்தா.” பதினெட்டு முறை. ஒவ்வொரு வில்லையும் மரத்தில் படும் சத்தத்துக்கு எனக்குள் ஏதோ தளரும் என்று எதிர்பார்த்தேன். தளரவில்லை. மேலும் இறுகியது. எனக்கு வேண்டிய பதினெட்டு வந்துவிட்டது. கணக்கு சரியாகவே வந்தது. ஆனால் அவள் கையில் இருந்தது ஏழு. ஒரு ஏழு நம்பர் சீட்டை வைத்துக்கொண்டு அம்மாவின் மூன்றாவது வாரத்தை என்னிடமிருந்து பிடுங்கப் பார்த்திருக்கிறாள். ஏஸ் இருந்து பிடுங்கியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

மணி அடித்தது.

கப்பலும் ரேடியோவும் பெரிய மெஷினைத் திறக்கப் போனார்கள். உலர்த்தியில் காய்ந்திருந்த விரிப்புகள் எங்கள் வேலை. வில்லைகளை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டேன். கனத்தது. நடக்கும்போது தொடையில் இடித்தது. அவள் தன்னுடையதைக் கைக்குட்டையில் கட்டி லாக்கரில் வைத்துவிட்டு வந்தாள். லாக்கர் கதவை அடித்துச் சாத்தினாள்.

முதல் விரிப்பு. உதறினோம். காற்று அடித்தது. நீளவாக்கில் மடித்தோம். அவள் நடந்து வந்தாள். முனையோடு முனை.

“ஏஸ் இல்லாம என்னை வெரட்டப் பாத்தே.”

“வெரட்டல. நீயா போவேன்னு நெனச்சேன்.”

“அது அம்மாவோட நாள்டி.”

“எல்லாம் யாராவது ஒருத்தரோட நாள்தான்.”

மடித்ததை வண்டியில் வைத்தாள். திரும்பி நடந்தாள். இரண்டாவது விரிப்பு. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“வெக்கமா இல்ல உனக்கு?”

அவள் தன் முனைகளைப் பிடித்துத் திரும்பினாள். உதறினாள். என் கையிலிருந்து விரிப்பு பிடுங்கிக்கொண்டு போகும் அளவுக்கு உதறினாள். நடந்து வந்தாள்.

“இருபது இருக்கு” என்றாள். “நாலு கம்மி.”

கேட்கவில்லை. சொன்னாள். வெயில் அடிக்கிறது என்று சொல்வது போல. சொல்லிவிட்டு மடிப்பை நீவினாள்.

எனக்கு வேண்டியது பதினெட்டு. அவளுக்கு வேண்டியது இருபத்திநாலு. கூட்டினால் நாற்பத்திரண்டு. மேஜையில் எங்கள் இருவருக்கும் சேர்த்து இருந்தது முப்பத்தெட்டு. யார் ஏஸ் வைத்திருந்தாலும், யார் ஏழு வைத்திருந்தாலும் அது முப்பத்தெட்டுதான். காலையில் விரிப்பு மடிக்கும்போதே முப்பத்துநாலுதான். இதை முதலில் எண்ணியிருக்க வேண்டும். இருவரும் எண்ணவில்லை. நான் என் பாதியை எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் என் பாதியையும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

நாலு. அதிலும் பாதியை எண்ணினேன். இரண்டு. இரண்டு கொடுத்தால் அவளுக்கு இருபத்திரண்டு, பயிற்சிக்குப் போதாது. எனக்குப் பதினாறு, அம்மாவுக்குப் போதாது. பாதி கொடுத்தால் இரண்டும் கெட்டது. கொடுத்தால் நாலும் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்றும் கூடாது. நான் ஏன் கொடுக்க வேண்டும்? ஏழு நம்பர் சீட்டை வைத்துக்கொண்டு என்னைப் போ என்றவளுக்கு. இரண்டு வருஷம் கேட்டவளுக்கு. கேட்டது இரண்டு வருஷம், அதில் இது நாலு நாள். கோபத்தில் இந்தக் கழித்தலையும் போட்டேன். போட்டதற்காக என்மேலும் கோபம் வந்தது.

மூன்றாவது விரிப்பு. பெரியது, ஆபரேஷன் அறையினுடையது. உதறினோம். நீளவாக்கில் மடித்தோம். இழுத்துப் பிடித்தோம். நான் என் இடத்தில் நின்றேன், அவள் வருவாள் என்று.

அவள் வரவில்லை.

இரண்டு கையிலும் முனையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். முகத்தில் சிரிப்பில்லை, சீண்டல் இல்லை. நின்றாள். அப்போதுதான் கவனித்தேன். இந்தப் பிரிவில் சேர்ந்து ஏழு வருஷம். ஒரு நாளைக்கு நூறு விரிப்பு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நடந்து வந்தவள் அவள்தான். நான் நின்ற இடத்தில் சிமெண்ட் தரை வழவழப்பாக இருந்தது. அவளுக்கும் எனக்கும் நடுவே ஒரு தடம் தேய்ந்து வெளுத்திருந்தது.

“வாடி” என்றேன்.

“நீ வா.”

சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ தன் ஏஸைப் பற்றி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். கப்பல் ஈரத் துணியை வண்டியில் இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. இடுப்புப் பை தொடையில் அழுத்தியது. கையை உயர்த்தினேன். அவளும் உயர்த்தினாள். துணி விறைத்து நின்றது. கொஞ்ச நேரத்தில் என் தோள் வலித்தது. அவளுக்கும் வலித்திருக்கும். யார் கை முதலில் தளர்ந்தது என்று தெரியவில்லை. விரிப்பின் வயிறு மெல்ல இறங்கியது. அதற்கும் தரைக்கும் நடுவே நாலு விரற்கடை இருந்தது. பிறகு மூன்று.